நாற்பத்தொரு வரிகள்

ஜனவரி 11

அன்புள்ள திருகாணிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்க ஒரு கடிதமா என்று சிரிப்பாய். பில் எகிறுகிறது என்று அத்தான் போனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். நீயாகக் கூப்பிட்டாலும் அவர்தான் எடுக்கிறார். இருவரும் உலக விஷயமெல்லாம் பேசித் தீர்த்ததும், "அக்கா நல்லா இருக்கா" என்று அவரே சொல்லி வைத்துவிடுகிறார். அதனால் கடிதம்.

நீ எனக்கு விட்டுப்போன பெட்டி ஒரு மாதமாக மக்கர் செய்கிறது. டைப் அடித்துக்கொண்டே இருக்கும்போது மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. எதைத் தட்டினாலும் அசைவதில்லை. சில நாள் நீலத் திரை வந்து புரியாத எழுத்தாகக் கொட்டுகிறது. சில நாள் பட்டென்று மொத்தமாக அணைந்துபோகிறது. பிறகு போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

எனக்கு அது இப்போது அவசியம். நான் படித்த நர்சிங் பள்ளியில், மாணவிகள் வார்டில் கையில் வைத்துக்கொள்ள ஒரு கைநூல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து கண் மூடியவரைக் கழுவித் துடைப்பது வரைக்கும். நானூறு பக்கம். ஜூன் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இருந்தும் என்னை நினைவு வைத்திருந்து கேட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பதிலை வீட்டுக்குப் போடாதே. பக்கத்துப் பல் கிளினிக் விலாசத்துக்குப் போடு. அங்கே சீட்டு எழுதுகிறவள் எனக்குப் பழக்கம். எங்கள் தபால் பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது.

அக்கா


ஜனவரி 29

என் அருமை அக்கா,

நான் கல்லுக்குண்டு. முதுகுவலி போய்விட்டது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே, ஏதோ வேகிறது, விழுங்குகிறேன். அத்தானையும் உன்னையும் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ஏழு திருகாணியை மிச்சம் வைத்த தம்பியிடம் கேட்கிறாய், சரியான ஆள்தான். இப்போது இதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே சொன்னபடி செய்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. பெட்டியின் பின்பக்கம் இரண்டு திருகாணி, கழற்றினால் பக்கவாட்டுத் தகடு நழுவி வரும். உள்ளே மின்விசிறி தூசி படிந்து கிடக்கும். காய்ந்த பிரஷால் துடை. சூடு ஏறினால் பெட்டி உறையும், அதுதான் பாதி நோய்க்குக் காரணம். அடுத்தது, விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டை ஒன்று செருகியிருக்கும். அதுதான் மெமரி. இரு முனைக் கொக்கியையும் விலக்கி எடுத்து, அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய். திரும்ப அழுத்தினால் 'டக்' என்று உட்கார வேண்டும்.

உனக்குக் கை நடுங்கினால் அத்தானைச் செய்யச் சொல். அவருக்குப் பொறுமை ஜாஸ்தி. எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவராச்சே.

தபால் பெட்டி ஓட்டையை அடைக்க முடியாமல் பல் டாக்டரைத் தேடிப் போன குடும்பம் நம் குடும்பம்தான்.

உன் திருகாணி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் ஒரு பல் பிடுங்கும் நேரத்தில் கிடைத்தது. உள்ளே யாரோ அலறிக்கொண்டிருக்க, நான் வெளியே நின்று மெமரியைப் பற்றிப் படித்தேன்.

எல்லாம் நானே செய்தேன். ஊசி குத்திப் பழகிய கை, நடுங்கவில்லை. விசிறியிலிருந்து ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு வந்தது, கூடவே செத்த கரப்பான் ஒன்று. பட்டையைத் தேய்த்து உட்கார வைத்தேன். 'டக்' என்றது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டென்று அணைந்தது. காயம் பற்றிய அத்தியாயத்தில் பதினான்கு பக்கம் போனது. உட்கார்ந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். பிறகு அந்தப் பதினான்கையும் மறுபடி அடித்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு பத்திக்கும் சேவ் செய்கிறேன்.

அத்தானைக் கூப்பிடவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை. நாளை அலுவலக விஷயமாக வெளியூர் போகிறார், வர இரண்டு வாரம் ஆகும்.

வேறு என்ன பார்க்கலாம் என்று எழுது. நூற்று அறுபது பக்கம் முடித்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தும் நோய் பிடிபடவில்லை, அதனால் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். "சாயங்காலம் பட்டென்று அணைந்தது" என்றால் எந்த டாக்டர் மருந்து கொடுப்பான்? நீ நர்ஸ்தானே? காய்ச்சல் சார்ட் எழுதத் தெரியாதா?

பெட்டி தன் டைரியைத் தானே எழுதும். முறையாக மூடாமல் அது நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் "எதிர்பாராமல் நின்றது" என்று ஒரு வரி தேதியோடு, மணியோடு பதிவாகும். அதைத் திறக்கும் வழியைப் பின்பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். அத்தனை வரியையும் கையால் எழுதி அனுப்பு. ஒன்றையும் விடாதே, நீயாக எதையும் சேர்க்காதே. இது முதல் விஷயம்.

இரண்டாவது, பெட்டி அணையும்போது வீட்டு விளக்கும் சேர்ந்து அணைகிறதா? கட்டாயம் இதற்குப் பதில் வேண்டும்.

மூன்றாவது, எழுதியதை சிடியில் ஒரு பிரதி எடுத்து வெளியே எங்காவது வை. இப்படி நின்று நின்று ஓடினால் உள்ளே இருக்கும் டிஸ்க் கெட்டுவிடும். ஏற்கெனவே கெட ஆரம்பித்திருக்கும், அம்பு உறைவது அதனால்தான் என்று எனக்குச் சந்தேகம்.

உன் மேல் கோபமில்லை, பெட்டி மேல்தான்.

திருகாணி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்கு அங்கே குளிர் குறைந்ததா?

நீ கேட்ட பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்தொரு வரி. நான் எதையும் சேர்க்கவில்லை. ஜனவரி 8-க்கு முந்தியது பெட்டியில் இல்லை. ஆரம்பம் இப்படி இருக்கிறது:

ஜனவரி 8, மாலை 6.41. எதிர்பாராமல் நின்றது.
ஜனவரி 9, மாலை 6.38. எதிர்பாராமல் நின்றது.
ஜனவரி 10, மாலை 6.44. எதிர்பாராமல் நின்றது.

மிச்சமும் இதே ரீதிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டைப் அடிப்பதில்லை, சில நாள் ஆறு மணிக்கே மூடிவிடுவேன், அதனால் அன்றெல்லாம் வரி இல்லை. பிப்ரவரி 18 முதல் மார்ச் 3 வரை ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு வாரமும் அத்தான் ஊரில் இல்லை. தினமும் இருட்டிய பிறகும் உட்கார்ந்து எழுதினேன். எண்பது பக்கம் ஓடியது. பட்டியலை நிதானமாகப் படி. நீ கெட்டிக்காரன்.

இரண்டு சிடி எடுத்துச் சீட்டு எழுதுகிறவளிடம் கொடுத்திருக்கிறேன். பல் அச்சு வைக்கும் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

இன்னொன்று. கைநூலை முடித்துக் கொடுத்தால் பள்ளியில் பாடம் நடத்தும் வேலையும் தருவதாகச் சொல்கிறார்கள். வளாகத்திலேயே ஓர் அறை உண்டு. ஜன்னல் ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டில் ஒருவருக்கான கட்டில். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில்.

அக்கா


ஏப்ரல் 12

என் அருமை அக்கா,

பிடித்துவிட்டேன்! பட்டியலை மேஜையில் விரித்து, பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். நாற்பத்தொரு தடவையும் ஆறே முக்காலை ஒட்டித்தான். அத்தான் வெளியூரில் இருந்தபோது ஒரு தடவைகூட இல்லை. விளக்கு அணைகிறதா என்று கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை, மறந்திருப்பாய், பரவாயில்லை. அது இல்லாமலே கண்டுபிடித்துவிட்டேன்.

ஹீட்டர்! நான் வந்தபோது இல்லை, பிறகு வாங்கியிருப்பீர்கள். அத்தான் வேலை முடிந்து வந்ததும் குளிக்க வெந்நீர் போடுகிறார். அந்தப் பழைய வீட்டு வயரிங் தாங்கவில்லை. மின்சாரம் சட்டென்று இறங்குகிறது, பெட்டி செத்துப்போகிறது. தினமும் இப்படி அடி வாங்கினால் டிஸ்க் என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் மற்ற நேரத்தில் உறைகிறது. இரண்டு நோய்க்கும் ஒரே வேர். எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சபாஷ் வாங்கினேன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். இதே தபாலில் அத்தானுக்கும் எல்லாவற்றையும் விளக்கி ஒரு கடிதம் வீட்டு விலாசத்துக்குப் போட்டிருக்கிறேன். தபால் பெட்டி நனைந்தாலும் அவர் கண்ணில் படாமல் போகாது. இனி உன் பெட்டி அவர் பொறுப்பு.

வேலை விஷயம் கேட்டு ரொம்ப சந்தோஷம். பாடம் நடத்தி நடத்தி என்னை மிரட்டியவள்தானே நீ.

உன் திருகாணி


ஏப்ரல் 12

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

நமஸ்காரம். நான் நலம், தங்கள் நலமறிய ஆவல். பயணக் களைப்பெல்லாம் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

அக்காவின் கம்ப்யூட்டர் ஏன் தினமும் நிற்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன். நீங்கள் வந்து ஹீட்டர் போடும் நேரமும் அது நிற்கும் நேரமும் நிமிஷக் கணக்கில் ஒன்று. பட்டியல் என்னிடம் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள். முடிந்தால் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி வையுங்கள், மின்சாரம் போனாலும் கால் மணி நேரம் தாங்கும்.

ஜூனுக்குள் கைநூலை முடித்தால்தான் பள்ளியில் வேலை உறுதியாம். அதோடு தங்க அறையும் தருகிறார்களாமே, தங்களுக்கும் பெருமைதான். இதுவரை எழுதியதன் பிரதி பக்கத்துப் பல் கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண்ணிடம் பத்திரமாக இருக்கிறது, அதனால் டிஸ்க் கெட்டாலும் கவலை இல்லை.

அப்பா போன பிறகு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தவர் நீங்கள். இதை உங்களிடம் ஒப்படைப்பதுதான் முறை.

தங்கள் அன்பு மைத்துனன்


ஏப்ரல் 24

தம்பி,

கிளினிக்குக்கு வந்த கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததை நான் பார்க்கவில்லை. அத்தான் சட்டைப் பையில் உன் கையெழுத்துள்ள உறை இருக்கிறது.

வேலையைப் பற்றி எழுதினாயா? அறையைப் பற்றி? சிடி எங்கே இருக்கிறது என்று எழுதினாயா? ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் போடு. கிளினிக் இன்றும் நாளையும் விடுமுறை, கதவு பூட்டியிருக்கிறது.

அக்கா


மே 3

அன்புள்ள மைத்துனருக்கு,

ஆசிகள். நலம். உங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். இந்த வயதிலும் என்மேல் இப்படி மரியாதை வைத்திருக்கும் பிள்ளைகள் அபூர்வம்.

நம் வீட்டில் ஹீட்டரே கிடையாது. நான் வருடம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். உங்கள் மூளையை இவ்வளவு தூரம் சுற்ற விட்டிருக்கிறாளே உங்கள் அக்கா என்று சிரிப்பு வந்தது. மெயின் சுவிட்ச் நம் வாசல் கதவை ஒட்டி இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். நான் உள்ளே வந்ததும் அதை ஒரு தட்டுத் தட்டி அணைத்துவிடுவேன். அவள் எழுந்து வந்து எதிரே நின்றதும் போட்டுவிடுவேன். அவ்வளவுதான். கத்துவதில்லை, கை ஓங்குவதில்லை. வேலை முடிந்து வரும் மனுஷனை முகம் பார்த்து வாங்க என்று சொல்ல வேண்டுமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். "இந்த ஒரு பக்கம் முடிச்சிட்டு வர்றேன்" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னால் எந்தப் புருஷனுக்குப் பொறுக்கும்?

வேலை, அறை, பிரதி எதுவும் எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதாவிட்டால் தெரிந்தே இருக்காது. பல் டாக்டரைப் பார்த்துப் பேசினேன், நல்ல மனிதர், சிடி இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். நம் வீட்டுப் பொருள் அந்நியர் அலமாரியில் எதற்கு? பள்ளிக்கும் நேரில் போய், அவளுக்கு உடம்பு சரியில்லை, எழுதவும் வரவும் இயலாது என்று சொல்லிவிட்டேன். புரிந்துகொண்டார்கள்.

கடைக்காரரை வரவழைத்துப் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதிது போட்டாயிற்று. பெட்டி இப்போது ஒரு நாளும் நிற்பதில்லை. திருப்திதானே?

அன்புடன்,
அத்தான்


மே 20

அக்கா,

அத்தான் எழுதியதைப் படித்தேன். நான் எழுதினேன், எல்லாவற்றையும் எழுதினேன். ஆமாம், ஆமாம், ஆமாம். உன் மூன்று கேள்விக்கும் அதுதான் பதில். உன் கடிதம் என் கைக்கு வந்தபோது அவர் கடிதமும் கூடவே வந்துவிட்டது.

ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? ஒரே ஒரு வரி, அத்தான்தான் அணைக்கிறார் என்று எழுதியிருந்தால் நான் ஹீட்டரைத் தேடியிருப்பேனா? வீட்டுக்குப் போன் செய்தேன், அவர்தான் எடுத்தார். நீ தூங்குகிறாய் என்றார். மூன்று முறையும் தூங்குகிறாய் என்றார்.

இன்னும் வழி இருக்கிறது. அந்தப் பழைய டிஸ்க்கை மட்டும் எப்படியாவது எடுத்து வை. கெட்ட டிஸ்க்கிலிருந்தும் எழுத்தை மீட்கலாம், எங்கள் அலுவலகத்தில் அதற்குக் கருவி உண்டு. ஈரம் படாமல், பஞ்சு சுற்றி, பார்சலில் அனுப்பு. நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன். புதுக் கம்ப்யூட்டரே வாங்கி அனுப்புகிறேன். ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

நான் நலம். மே மாதக் கடிதத்தையும் அதற்குப் பிறகு நீ போட்ட இரண்டையும் சீட்டு எழுதுகிறவள் ஒன்றாகக் கட்டி வைத்துக் கொடுத்தாள். அவளைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தாய். டாக்டரிடம் திட்டு வாங்கியதோடு தப்பித்தாள்.

டிஸ்க்கை அனுப்பச் சொல்கிறாய். கடைக்காரர் கழற்றிக் கொடுத்ததும் அத்தான் அதை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்ச் சுத்தியலால் உடைத்தார். சிடி இரண்டையும் கத்தரிக்கோலால் வெட்டினார். முகத்தில் கோபமே இல்லை. "கால்ல குத்திடப் போகுது, பெருக்கிடு" என்றார். பெருக்கினேன். முந்நூற்றுப் பத்துப் பக்கம் இருந்தது. ஒரு முறத்துக்குக்கூட வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று மூன்று கடிதத்திலும் கேட்கிறாய். கை வலிக்க நாற்பத்தொரு வரி எழுதினேன். என் வீட்டுக்குள் யார் எத்தனை மணிக்கு வருகிறார், அவர் வராத நாளில் நான் எப்படி இருந்தேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. நீயும் படித்தாய், நிமிஷம் தவறாமல் படித்தாய். ஹீட்டரைக் கண்டுபிடித்தாய்.

நேராகச் சொல்லியிருக்கலாம்தான். இரண்டு வருடத்துக்கு முன் நீ விடுமுறைக்கு வந்தபோது சமையலறையில் நின்று சொன்னேன். "அத்தான் அப்படிப்பட்டவர் இல்லக்கா, உனக்குத்தான் பொறுமை பத்தல" என்று சொல்லிவிட்டு அவரோடு வெளியே போனாய். உனக்கு ஞாபகம் இருக்காது. அன்றைக்குப் பிறகு உன்னிடம் என்னைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டரைப் பற்றியாவது பேசினால் நீ காது கொடுத்துக் கேட்பாய், கேட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் என்னிடமும் வந்து சேர்வாய் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம்.

ஜூன் மாதம் வீட்டை விட்டு வந்துவிட்டேன். பள்ளி வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். போய் நின்று கேட்டேன். உடம்பு தேறியதா என்று அன்பாக விசாரித்து அனுப்பினார்கள். இப்போது ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பழையபடி நர்ஸ். என்னைவிடப் பத்து வயது இளையவள் எனக்கு மேலே இருக்கிறாள், படுக்கை விரிப்பை எப்படி மடிப்பது என்று எனக்குக் காட்டிக்கொடுக்கிறாள். மூன்று பேர் ஓர் அறையில் இருக்கிறோம். கைநூலை முதல் பக்கத்திலிருந்து நோட்டில் கையால் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அதை இப்போது யாரும் கேட்கவில்லை. பாதி வாக்கியம் நினைவுக்கு வருகிறது, பாதி வருவதில்லை. வராதபோது உன்மேல் ஆத்திரம் வருகிறது, அவர்மேல் வருவதைவிட அதிகமாக.

புதுக் கம்ப்யூட்டர் அனுப்புவதாக எழுதியிருக்கிறாய். அனுப்ப விலாசம் வேண்டும். அதைத் தரமாட்டேன். கிளினிக்குக்கும் எழுதாதே, அவளிடமும் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லை. நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் உனக்குப் போன் செய்து, குரல் தழுதழுக்க, "அவ எங்கேன்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்று ஒரு தடவை கேட்டால், நீ சொல்லிவிடுவாய்.

அக்கா